களத்தில் திரை கட்டினால் எந்தப் படம்?

சம்பா அறுவடை முடிந்ததும் மாசியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி, ஊர்க் களத்தில் வெள்ளைத் துணி கட்டிப் பழைய படம் ஒன்று போடுவது என்று முடிவாகியிருக்கிறது. கும்பகோணத்துக்கும் குடவாசலுக்கும் நடுவே இருக்கிற எங்கள் ஊரில் எல்லாரும் ஒத்துப்போனது அதோடு சரி. "நல்ல படமா போடுங்க" என்று மட்டும் சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்காது. "நடிப்புன்னா என்னன்னு இந்தப் பிள்ளைங்களும் பார்க்கட்டும்" என்று பெரியப்பா ஒரு வார்த்தை சேர்த்துவிட்டார். இப்போது ஆளுக்கொரு நடிகர், ஆளுக்கொரு படம்.

எனக்குத் தோன்றுவது இதுதான். பெரிய நடிகர் யார் என்ற கேள்வியும், களத்தில் எந்தப் படம் போடலாம் என்ற கேள்வியும் ஒன்றல்ல. ஒரு நடிப்பு எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பதைப் பார்க்கிற இடம்தான் தீர்மானிக்கிறது. கைக்குள் அடங்குகிற போனில் பார்க்க ஒரு நடிப்பு, இருட்டான ஏசி தியேட்டரில் பார்க்க ஒன்று, பாய் விரித்துப் பாதிப் பேர் கடலை தின்றுகொண்டிருக்கும் களத்தில் பார்க்க இன்னொன்று. இதைக் கணக்கில் எடுக்காமல் "யாருடா பெரியவன்" என்று பேசினால் விடிய விடியப் பேசிக்கொண்டே இருக்கலாம். பேசுகிறோம், அது வேறு.

முதலில் களத்தின் நிலவரம். புரொஜெக்டர் வாடகைக்கு வருகிறது. பகல் வெளிச்சம் முழுக்கப் போனால்தான் துணியில் படம் தெரியும், மாசியில் அதற்கு மாலை ஆறே முக்கால் ஆகிவிடும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டிலிருந்தே சட்டம். ஆக, மூன்றே கால் மணி நேரம்தான் கையில். ஒலிக்குக் குழாய் ஸ்பீக்கர் இரண்டு, பாக்ஸ் இரண்டு. கடைசி வரிசைக்கும் துணிக்கும் அறுபது எழுபது அடி இருக்கும். பார்க்க வருபவர்கள் ஆறு வயதிலிருந்து எண்பது வரை. படத்துக்கு உரிமை வைத்திருப்பவர்களிடம் பொது இடத்தில் போட அனுமதி கேட்க வேண்டும், அதை என் தம்பி பார்த்துக்கொள்கிறான்.

எம்.ஜி.ஆர். கட்சியை முதலில் முடித்துவிடுகிறேன். கும்பகோணம் ஆனையடிப் பள்ளியில் படித்தவர் என்ற உரிமையில் எங்கள் பக்கத்தில் அவரை இன்னும் வீட்டுப் பிள்ளையாகத்தான் பேசுவார்கள். 'எங்க வீட்டுப் பிள்ளை' (1965) போட்டால் கூட்டத்துக்குக் கவலையே இல்லை. கோழையும் வீரனுமாக இரட்டை வேடத்தில் அவர் காட்டும் வித்தியாசமும் சாதாரணமானது இல்லை. ஆனால் அவர் படத்துக்கு வருகிறவர்கள் அவரைப் பார்க்கத்தான் வருகிறார்கள், பாத்திரத்தை யாரும் தேடுவதில்லை. நடிப்பைக் காட்டுவதற்கென்றே ஒதுக்கிய ராத்திரிக்கு அது பொருந்தாது. இதைச் சொன்னதற்கே டீக்கடையில் எனக்கு டீ தாமதமாக வந்தது.

அத்தைமார் கேட்பது 'பாசமலர்' (1961). சிவாஜிக்கு எதிரே நின்று இம்மியும் விட்டுக்கொடுக்காத சாவித்திரிக்காகவே அதைப் போடலாம்தான். அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரளும் நேரத்தில் அண்ணனும் தங்கையும் செத்துப்போகிற படம் வேண்டாமே என்று அம்மா சொன்னதும் அத்தைமாரே விட்டுவிட்டார்கள்.

'மகாநதி' (1994) எனக்கே ஆசை. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் நிம்மதியாக இருக்கும் மனிதன், பேராசை காட்டுகிற ஒருவனை நம்பிச் சென்னைக்குப் போய், சிட் ஃபண்டில் எல்லாவற்றையும் இழந்து ஜெயிலுக்குப் போகிற கதை. மகள் பெயர் காவேரி. நிலத்தை விற்று ஃபைனான்ஸில் போட்டு ஏமாந்த குடும்பம் இல்லாத தெரு டெல்டாவில் குறைவு என்பதால் அந்தப் படம் இங்கே வேறு மாதிரி உறைக்கும். கமல்ஹாசன் நடித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், 'நாயகன்' (1987) கூட அப்புறம்தான். 'நாயகனில்' அவர் நடிக்கிறார் என்பது நமக்குத் தெரிந்துகொண்டே இருக்கும், இங்கே அது மறந்துபோகும். ஆனால் கல்கத்தாவில் மகளைக் கண்டுபிடிக்கும் அந்தப் பகுதியை, மடியில் ஏழு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கும் நூறு தாய்மார் நடுவில் போட எனக்குத் தைரியம் இல்லை. வெட்டிப் போடலாம் என்றார்கள். அதை வெட்டினால் படத்தில் என்ன மிச்சம்?

'சர்வர் சுந்தரம்' (1964) பற்றி அதிகம் பேச வேண்டாம் என்று வைத்திருந்தேன், ஆனால் சொந்த ஊர்ப் பாசத்தில் அதற்கும் ஒரு கட்சி இருக்கிறது. எழுதியவர் நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடி பாலசந்தர், இரண்டாம் நாயகன் முத்துராமன் ஒரத்தநாட்டுப் பக்கம். நாகேஷின் உடம்பு அந்தப் படத்தில் செய்வதை யாராலும் திரும்பச் செய்ய முடியாது. ஆனால் நாகேஷ் வேண்டும் என்பதற்காக மட்டும் இதைப் போட வேண்டியதில்லை. ஏன் என்று கடைசியில் வரும்.

மீதி நாலு படங்கள்தான் உண்மையான போட்டி.

பெரியப்பாவின் படம் 'ரத்தக்கண்ணீர்' (1954). திருவாரூர் தங்கராசு எழுதிய நாடகம், எம்.ஆர்.ராதா ஊர் ஊராகப் போட்டுப் புகழ்பெற்றது, பிறகு கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் படமானது. பாடும் குரலில் ஒன்று சிதம்பரம் ஜெயராமன். டெல்டா வாசனைக்குக் குறைவில்லை. வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பி, எல்லாரையும் எடுத்தெறிந்து பேசி, கட்டிய மனைவியை விட்டு காந்தா என்ற தாசி வீட்டிலேயே கிடந்து, தொழுநோய் வந்து தெருவுக்கு வருகிற மோகனசுந்தரம். ஒரே வாக்கியத்தில் கரகரத்த குரல் ஒன்றும் கீச்சுக் குரல் ஒன்றும் மாறி மாறி வரும் அந்தப் பேச்சை ராதாவுக்கு முன்னும் யாரும் பேசவில்லை, பின்னும் பேசவில்லை. மிமிக்ரிக்காரர்கள் குரலைப் பிடித்துவிடுவார்கள். பார்வையற்றுக் கட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கும்போதும் தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கிற அந்தத் திமிரைப் பிடித்தவர் இல்லை. நாம் அவனைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், நாலு நிமிடத்தில் அவன்தான் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று உறைக்கும். கடைசியில் தன் மனைவியைத் தன் நண்பனுக்கே கட்டிவைக்கிறான். 1954-ல் இதைத் திரையில் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

களத்துக்கும் இது பொருந்துகிற படம். ராதாவின் நடிப்பு நாடக மேடையின் கடைசி வரிசைக்காக வளர்ந்தது, எழுபது அடி அவருக்கு ஒரு தூரமே இல்லை. குழாய் ஸ்பீக்கரில் அந்தக் குரல் இன்னும் நன்றாகத்தான் இருக்கும். எனக்கு இடிப்பது ஒன்றே ஒன்று. தொழுநோய் செய்த பாவத்துக்கு வந்த தண்டனை என்பதுதான் அந்தக் கதையின் முதுகெலும்பு. அது ஒரு கிருமியால் வருவது, ஆறு மாதமோ ஒரு வருடமோ மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும், அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் தருகிறார்கள். நடமாடவே தயங்கும் நோயாளி ஒருவர் ஊரில் இருந்தால், பிள்ளைகள் மறுநாள் காலையில் அவரைப் பார்த்து "அடியே காந்தா" என்று கத்துவார்கள். பெரியப்பா, "படத்துக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை சொல்லிட்டா போச்சு" என்கிறார். ரெண்டு வார்த்தையை யார் கேட்கப்போகிறார்கள்? உட்கார இடம் பிடிக்கிற நேரம் அது. இந்தப் படத்தைத் திண்ணையில் பத்துப் பேரோடு பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

அக்கா மகன் கொண்டுவந்தது 'மெய்யழகன்' (2024). நியாயமான ஆசை. தஞ்சாவூரை விட்டுப் போன ஒருவர் பல வருடம் கழித்து நீடாமங்கலத்துக்கு ஒரு கல்யாணத்துக்கு வருகிறார். "அத்தான் அத்தான்" என்று ஒட்டிக்கொள்ளும் சொந்தக்காரப் பையன் யாரென்றே தெரியாமல் ராத்திரி முழுக்க அவனோடு கழிக்கிறார். எங்கள் ஊருக்கு நீடாமங்கலம் தொலைவில்லை, நாங்கள் கல்யாணத்துக்குப் போகிற ஊர். பேர் மறந்துபோன சொந்தக்காரரிடம் மாட்டிக்கொண்டு முழிப்பது எங்கள் பக்கத்தில் மாதம் ஒருமுறை நடப்பது.

இந்தப் படத்தில் கார்த்தி பேசிக்கொண்டே இருக்கிறார், எல்லாரும் அவரைப் புகழ்ந்தார்கள். எனக்கு அரவிந்த் சாமிதான் ஆச்சரியம். அவர் வேலை கேட்பது மட்டும்தான். முதலில் எரிச்சலோடு கேட்கிறார், அப்புறம் வேறு வழியில்லாமல், பிறகு விருப்பத்தோடு, கடைசியில் குற்ற உணர்ச்சியோடு. இந்த நாலுக்கும் நடுவே வசனத்தால் போட்ட பாலம் எதுவும் இல்லை, எல்லாம் முகத்திலேயே நடக்கிறது. நடிப்பு என்றால் பேசுவது என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

ஆனால் படத்தின் பெரும்பகுதி இரவில் நடக்கிறது. வாடகை புரொஜெக்டரில், தெருவிளக்கு ஒன்று பக்கவாட்டில் எரியும் களத்தில், இரவுக் காட்சி என்பது கறுப்புத் துணிதான். அரவிந்த் சாமியின் கண்ணோரத்தில் நடப்பதை எழுபது அடி தள்ளி உட்கார்ந்திருக்கும் தாத்தா எப்படிப் பார்ப்பார்? நீளம் அதிகம் என்று தியேட்டரில் வந்த பிறகு படத்தைக் குறைத்தார்கள். தியேட்டர் இருட்டிலேயே பொறுமை போனவர்கள் களத்தில் இருப்பார்களா? அக்கா மகனுக்கு இதில் வருத்தம். "அப்போ சத்தமா நடிச்சாத்தான் உங்களுக்கு நடிப்பா மாமா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அந்தக் களத்தில், ஆமாம்.

என் மனசுக்கு மிகவும் நெருக்கமானது மூன்றாவது, 'முள்ளும் மலரும்' (1978). மகேந்திரனின் முதல் படம், ஒளிப்பதிவு பாலு மகேந்திரா. மலைப் பிரதேசம், மலையில் ஏற்றி இறக்கும் இழுவை வண்டியான விஞ்ச் ஓட்டுகிற காளி, அவன் தங்கை வள்ளி. நம் ஊர் வாசனை ஒரு துளி கிடையாது, வயலே கண்ணில் படாது. ரஜினிகாந்தை ஸ்டைலுக்காக மட்டும் தெரிந்து வைத்திருக்கும் பிள்ளைகள் பார்க்க வேண்டிய ரஜினி இங்கேதான் இருக்கிறார். விபத்தில் கை போய் வீட்டுக்கு வருகிறான். தங்கை ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். கட்டிக்கொண்ட பிறகுதான் ஒரு பக்கம் கை இல்லை என்று அவளுக்குத் தெரிகிறது. அந்த இடத்தில் ஷோபா முகத்தைப் பார்ப்பதா, தெரியக்கூடாது என்று நின்றுகொண்டிருந்த ரஜினி முகத்தைப் பார்ப்பதா என்று நமக்கே தவிப்பாக இருக்கும். ரெண்டு கை, ரெண்டு கால் போனாலும் காளி பிழைத்துக்கொள்வான், "கெட்ட பய சார் அவன்" என்று தனக்குப் பிடிக்காத மேலதிகாரியான இன்ஜினீயரிடம் சொல்லும் இடத்தில் வீம்பும் அழுகையும் ஒரே தொண்டையிலிருந்து வருகின்றன. கடைசியில் தங்கையை அந்த இன்ஜினீயருக்கே கொடுத்துவிட்டு, இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். மனம் திருந்தி, காலில் விழுந்து, சுபம் போடுகிற வழக்கத்தை இப்படி ஓரமாக வைத்த படங்கள் நம்மிடம் அதிகம் இல்லை. ஷோபாவைப் பற்றி இன்னொன்று. 'பசி'க்குத் தேசிய விருது வாங்கிய அவர் 1980-ல் இறந்தபோது இருபது வயதுகூட ஆகவில்லை.

நேரத்துக்கும் இது சௌகரியம், இரண்டரை மணிக்குள் முடிந்துவிடும். பகல் காட்சிகள் நிறைய, துணியில் தெரியும். தயக்கம் வேறு இடத்தில். இந்தப் படம் மௌனத்தில் நிற்கிறது. பேச்சு நின்று, வெறும் காற்றுச் சத்தமோ இளையராஜாவின் மெல்லிய வாசிப்போ வரும் இடங்கள்தான் உயிர். களத்தில் மௌனம் என்று ஒன்று கிடையாது. திரை அமைதியானால் கூட்டம் பேச ஆரம்பிக்கும். "சவுண்ட் போச்சா?" என்று ஒருவர் எழுந்து ஆபரேட்டரிடம் போவார்.

அப்புறம் 'தில்லானா மோகனாம்பாள்' (1968). இதைச் சொன்னவுடன் அக்கா மகன் வகையறா சிரித்தது. சிவாஜி என்றாலே ஓவர் ஆக்டிங் என்று அவர்களுக்கு ஒரு முடிவு. அவர்கள் சிவாஜியைப் பார்த்தது எல்லாம் போனில், ஒரு நிமிடத் துண்டுகளாக. சின்ன வயதிலேயே யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை நாடகக் குழுவில் சேர்ந்து, மைக்கை நம்பாமல் கடைசி பெஞ்சுக்காரனையும் தொட வேண்டும் என்று பழகிய உடம்பு அது. நாற்பதடித் திரையில் தூக்கிய அந்தப் புருவத்தை ஆறங்குலக் கண்ணாடிக்குள் திணித்துக் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்தால், கோயில் தேரைக் கூடத்துக்குள் இழுத்துவந்த மாதிரிதான் இருக்கும். களத்தில் அது சரியான அளவு.

நாயனக்காரர் சிக்கல் சண்முகசுந்தரமாகச் சிவாஜி, நாட்டியக்காரி திருவாரூர் மோகனாம்பாளாகப் பத்மினி என்று பெயரிலேயே இரண்டு டெல்டா ஊர்கள். கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதிய தொடர்கதையை ஏ.பி.நாகராஜன் எடுத்தது. சிவாஜிக்கும் தஞ்சாவூருக்கும் உள்ள உறவு ஊர் அறிந்தது, சூரக்கோட்டை அவர்கள் குடும்பத்து ஊர். 1989-ல் திருவையாற்றில் நின்ற அவரை நம் ஆட்களே தோற்கடித்தார்கள் என்பதும் அந்த உறவில் சேர்த்திதான்.

படத்தில் நாயனம் வாசித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜி வாசிக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்து நாயனக்காரர்களே அவர் விரலையும் கன்னத்தையும் பார்த்துக் குறை சொன்னதை நான் கேட்டதில்லை. மூச்சை எங்கே எடுக்கிறார், நாயனத்தின் ஊதுமுனையான சீவாளியை எப்போது உதட்டிலிருந்து விலக்குகிறார், ஒரு சங்கதி நன்றாக விழுந்ததும் தவில்காரரை ஓரக்கண்ணால் எப்படிப் பார்க்கிறார் என்பதெல்லாம் கச்சேரி கேட்டு வளர்ந்தவனுக்குத் தெரியும். திருவாரூர், மன்னார்குடி, கும்பகோணம் என்று நாயனச் சத்தத்தில் வளர்ந்த கூட்டத்துக்கு முன்னால் இந்த நடிப்பைப் போடுவது ஒரு பரீட்சை மாதிரி. அதில் அவர் தேறுவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

ஓவர் ஆக்டிங் என்று சொல்கிறவர்களுக்கு இன்னொன்று. இந்தப் படத்தில் சிவாஜி மிக நன்றாக நடித்த இரண்டு இடங்களில் அவருக்கு வசனம் கிடையாது. மோகனா ஆடும்போது தூண் மறைவில் நின்று பார்க்கிறார், ஒரு பாட்டு முழுக்க அவருக்குப் பார்ப்பதுதான் வேலை. கர்வக்காரன், வந்ததை ஒப்புக்கொள்ள மனசில்லை, கண்ணையும் எடுக்க முடியவில்லை. அப்புறம் காயம்பட்ட கையோடு வாசிக்கும்போது அவள் ஆட்டத்திலேயே நலம் விசாரிக்கிற இடம். பத்மினி கேட்க, இவர் நாயனத்திலேயே பதில் சொல்ல, நடுவே தவில் அடித்துக்கொண்டிருக்கும் பாலையா முகத்தில் ஒரு கலக்கம் வந்து போகும். 'காதலிக்க நேரமில்லை'யில் (1964) நாகேஷ் கதை சொல்லச் சொல்ல, கேட்டே கைத்தட்டலில் பாதியை வாங்கிக்கொண்ட மனிதர் பாலையா. அரவிந்த் சாமிக்குத் தாத்தா என்று அக்கா மகனிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தான்.

நாகேஷும் இங்கேயே இருக்கிறார், வைத்தியாக. சிரிக்க வைத்துக்கொண்டே அருவருப்பை உண்டாக்குகிற பாத்திரம். பெரிய மனிதர்களுக்குத் தரகு பார்க்கும் அந்த ஆளின் நடையிலேயே ஒரு வழுக்கல். ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா, மன்னார்குடியில் பிறந்தவர். சிவாஜியும் பத்மினியும் போட்டி போடும் படத்தில், கொஞ்ச நேரம் வந்து, வெள்ளந்தியான பேச்சால் மொத்தத்தையும் தூக்கிக்கொண்டு போகிறார். சண்முகசுந்தரத்திடம் அவர் பேசும்போது சிவாஜி தன் நடிப்பைச் சுருக்கிக்கொண்டு அவருக்கு இடம் விடுவதைக் கவனியுங்கள். பெரிய நடிகன் என்று நான் அவரை ஒப்புக்கொள்வது அந்த இடத்தில்தான். ஒரு ராத்திரியில் ஒருவரைக் காட்டலாம் என்று ஆரம்பித்த இடத்தில் ஐந்து பேர் கிடைக்கிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. மைனர், மகாராஜா என்று பின்பாதியில் ஒரே மாதிரி ஆபத்து திரும்பத் திரும்ப வருகிறது. சண்முகசுந்தரத்தின் சந்தேகப் புத்தியைப் படம் செல்லமாகவே நடத்துகிறது. மோகனா பொறுத்துப்போவதைப் பார்த்து என் மகளுக்குக் கோபம் வரும், வரட்டும். நீளம்தான் பெரிய தொல்லை. ஏறக்குறைய மூன்று மணி நேரப் படம். ஆறே முக்காலுக்குத் தொடங்கி, பத்து நிமிடம் இடைவேளை விட்டாலும் பத்து மணிக்குச் சற்று முன்னால்தான் முடியும். ஆகையால் வரவேற்புரை, தலைவர் உரை, பொன்னாடை எதுவும் கிடையாது என்று இப்போதே சொல்லிவிட வேண்டும். இந்தப் படத்தைத் தேர்ந்தெடுக்க அதுவே ஒரு நல்ல காரணம் என்று நினைப்பவர்களும் எங்கள் தெருவில் உண்டு.

சத்தத்தில் இதற்கு ஈடு இல்லை. நாயனமும் தவிலும் வெட்டவெளிக்கென்றே பிறந்த வாத்தியங்கள், குழாய் ஸ்பீக்கர் அவற்றை ஒன்றும் செய்துவிடாது. கூட்டம் சலசலத்தாலும் ஒரு கீழ்ஸ்தாயி இழுப்பு அவர்களைத் திரும்பப் பார்க்க வைக்கும். கலர்ப் படம் என்பதால் சின்னப் பிள்ளைகளும் முதல் அரை மணியில் எழுந்து ஓட மாட்டார்கள்.

ஆகவே களத்துக்கு என் ஓட்டு 'தில்லானா மோகனாம்பாள்'. பெரியப்பாவுக்கு அரை மனசு, ராதாவை விட்டுக்கொடுக்க அவரால் முடியவில்லை. சித்திரையில் திண்ணைக் காட்சி ஒன்று தனியாக வைப்பதாகச் சொல்லியிருக்கிறோம்.

ஒரு சிக்கல் பாக்கி. கொள்முதல் நிலையத்தில் சாக்குத் தட்டுப்பாடு, லாரி வரவில்லை என்று நெல் களத்திலேயே கிடந்தால், துணி கட்ட இடம் இருக்காது. அப்படியானால் சமுதாயக் கூடம். நாலு சுவர், மேலே ஃபேன், எண்பது நாற்காலி, கதவைச் சாத்தினால் இருட்டு, பாக்ஸ் மட்டும் போதும். அங்கே என் ஓட்டு 'முள்ளும் மலரும்' படத்துக்கு. தம்பியிடம் இரண்டு படத்துக்கும் அனுமதி கேட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.